காய்ந்த ரோஜாவின் நிறத்துக்கு ஓர் அளவுகோல்

உலர்த்திய ரோஜா இதழ் வாங்க வருகின்ற வியாபாரி முதலில் முகர்ந்து பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "நல்ல சிவப்பு" என்றால் ஒரு விலை, "கொஞ்சம் கறுத்திருக்கு" என்றால் இன்னொரு விலை. இந்த இரு வார்த்தைகளுக்கும் இடையில் எத்தனை ரூபா இருக்கிறது என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால், "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்று கேட்டால் இருவரிடமும் பதில் கிடையாது.

இந்தப் பதில் இல்லாமையால் நட்டப்படுவது பெரும்பாலும் சிறிய உற்பத்தியாளர்தான். எனவேதான் நிறத்தை எண்ணால் அளப்பது எப்படி என்பதை இவ்வாரம் கொஞ்சம் விரிவாக எழுத முற்படுகிறேன். ரோஜாவை எடுத்துக்கொண்டாலும் செவ்வரத்தம்பூ, மிளகாய்த் தூள், உலர் பழங்கள் என்று நிறம் பார்த்து விலை பேசப்படும் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும்.

ரோஜாவுக்கு உலகச் சந்தை உண்டு என்பது புதிய செய்தியல்ல. ஈரானின் காஷான் பக்கத்திலுள்ள கம்சர், இந்தியாவின் புஷ்கர், மொரோக்கோவின் கலாத் மகூனா ஆகிய ஊர்களெல்லாம் ரோஜாவால் பெயர் பெற்றவை. உம்ராவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தாயிப் ரோஜாவின் அத்தர் தெரியாமலிருக்காது. நமது வலீமாக்களிலும் பன்னீர்ச் செம்புக்கு இன்னும் இடமிருக்கிறது. இவற்றில் வாசனைக்குத்தான் முதலிடம். இதழாகவும் மொட்டாகவும் உலர்த்தி விற்கும்போதோ கதை மாறிவிடுகிறது. நம் நாட்டுத் தேயிலையுடன் ரோஜா இதழ் கலந்து கண்ணாடிப் போத்தலிலும் ஒளி ஊடுருவும் பைகளிலும் விற்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் காசு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கே.

கண் ஏன் போதாது?

நமது கண் இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் மகா கெட்டிக்கார உறுப்பு. ஒரு நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதிலோ மிகவும் மோசம். போன மாதம் பார்த்த சரக்கை விட இந்த மாதச் சரக்கு மங்கல் என்று ஒருவர் சத்தியம் செய்தாலும் அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவரது ஞாபகம் அவரை ஏமாற்றுகிறது.

அடுத்தது வெளிச்சம். புடவைக் கடையில் டியூப் லைட்டின் கீழ் ஒத்துப்போன துண்டும் சாரியும் வீதிக்கு வந்ததும் ஒவ்வாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ரோஜா இதழுக்கும் அதே விதிதான். மஞ்சள் ஒளி தரும் குமிழின் கீழ் சிவப்பு இதழ் உயிர்ப்பாகத் தெரியும். வெள்ளை டியூப் லைட்டின் கீழ் அதே இதழ் சோர்ந்துபோகும். மலைநாட்டில் காலை வெயிலில் பார்த்து அனுப்பிய சரக்கை புறக்கோட்டைக் கடையொன்றின் பின்னறையில் மாலை நேரத்தில் பிரித்துப் பார்த்தால் சண்டை வராமல் வேறு என்ன வரும்?

இதழுக்குள் நடப்பது

ரோஜாவின் சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் காரணம் அன்தோசயனின் என்ற நிறப்பொருள் வகை. அதில் முக்கியமானது சயனின். ஜேர்மனிய இரசாயனவியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1913இல் இதைப் பிரித்தெடுத்தது ரோஜாவிலிருந்து அல்ல, ஐரோப்பாவின் தானிய வயல்களில் களையாக வளரும் ஒரு நீலப் பூவிலிருந்து. பின்னர் பார்த்தால் சிவப்பு ரோஜாவிலும் அதே பொருள்! தாவர நிறப்பொருள்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே நிறப்பொருள் ஓரிடத்தில் சிவப்பாகவும் இன்னோரிடத்தில் நீலமாகவும் இருப்பதற்கு உள்ளே இருக்கும் அமிலத்தன்மையும் கூடச் சேர்ந்திருக்கும் உலோகங்களும் காரணம்.

இது வெறும் பாடப்புத்தக விடயமல்ல. ரோஜா செடியிலேயே முதிரும்போது கலங்களுக்குள் அமிலத்தன்மை குறைகிறது, சிவப்பில் ஊதா ஏறுகிறது. பூக்கடைக்காரர்கள் "நீலம் பாய்ந்துவிட்டது" என்று கழித்துவிடுவது இதைத்தான். அப்படிப்பட்ட பூவை எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் அந்த ஊதா போகாது. ஆகவே உலர்த்தியின் தரம் செடியிலிருந்து பறிக்கும் வேளையிலேயே பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

மீதிப் பாதி உலர்த்துவதில். இதழ் நிதானமாக, ஈரம் தங்கியபடி காய்ந்தால் நொதியங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. வெட்டி வைத்த கத்தரிக்காய் பழுப்பாவது போல இதழும் பழுப்பாகும். அதற்குப் பயந்து கடும் சூட்டில் காயவைத்தால் அன்தோசயனினே சிதைகிறது. சூடான காற்றில் உலர்த்துவோர் பொதுவாக 40 முதல் 50 பாகை செல்சியஸ் வரையில் நின்றுகொள்வது இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடித்தான். நேர் வெயில் வேண்டாம். வெயில் காயவைக்கும், கூடவே வெளிறவும் வைக்கும்.

பழுதே இல்லாமல் உலர்ந்தாலும் நிறம் மாறத்தான் செய்யும் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். புதிய இதழில் 85 வீதம் நீர் என்று வைத்தால் ஆறு கிலோ பூவிதழ் காய்ந்து, பத்து வீத ஈரத்துடன், ஒரு கிலோவாகிறது. நிறப்பொருள் அவ்வளவும் சிறிய இடத்துக்குள் நெருங்கிவிடுகிறது. அத்தோடு, புதிய இதழின் மேற்றோல் கலங்கள் நுண்ணிய கூம்புகளாக நிமிர்ந்து நிற்பவை. வெல்வெட் போன்ற அந்தப் பளபளப்பும் நிறச் செறிவும் அவற்றால்தான் வருகின்றன. நீர் வற்றியதும் கூம்புகள் சரிந்துவிடுகின்றன. கடும் சிவப்பு ரோஜா காய்ந்தபின் கறுப்புக்குக் கிட்டப் போவதும் இளஞ்சிவப்பு ரோஜா அழகாகவே நிற்பதும் இதனால்தான். வெள்ளை ரோஜா பாவம், சிறிது பழுப்பு ஏறினாலும் மறைக்க இடமில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் ரோஜாவின் நிறம் கரட்டினொயிட் என்ற வேறு பொருளால் வருவது; அது அமிலத்துக்கும் காரத்துக்கும் இப்படி ஆடுவதில்லை.

மூன்று எண்கள்

நிறத்தை எண்ணாக்கும் முயற்சி பழையது. ஒளிக்கான சர்வதேச ஆணைக்குழு, சுருக்கமாக சீ.ஐ.ஈ., 1931இல் சராசரி மனிதக் கண்ணை அட்டவணையாக வகுத்துத் தந்தது. அதே அமைப்பு 1976இல் வெளியிட்ட எல்-ஏ-பி முறையே இன்று உணவு, புடவை, பெயின்ட் என எல்லாத் துறைகளிலும் பாவனையில் உள்ளது.

எல் என்பது வெளிச்சம். 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஏ கூடினால் சிவப்பு, பூச்சியத்துக்குக் கீழே போனால் பச்சை. பி கூடினால் மஞ்சள், பூச்சியத்துக்குக் கீழே போனால் நீலம். அவ்வளவுதான். பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்று மூன்றைச் சொல்வது போல, ஒரு நிறத்தின் இருப்பிடத்தை இந்த மூன்றும் சொல்லிவிடுகின்றன.

இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்துக்கு டெல்டா ஈ என்று பெயர். மூன்று எண்களின் வித்தியாசங்களையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது அது. ஒன்றுக்குக் கீழே என்றால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, இரண்டரையில் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். ஐந்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியும்.

கணக்குக்காக ஓர் உதாரணம் வைப்போம். புதிய இதழ்: எல் 38, ஏ 48, பி 14. அதையே நன்றாக உலர்த்தியபின்: எல் 28, ஏ 24, பி 6. வித்தியாசங்கள் 10, 24, 8. டெல்டா ஈ ஏறத்தாழ 27. இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை. பூ காய்ந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் குற்றமில்லை. உலர்ந்த சரக்கை உலர்ந்த மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்த உலர்ந்த இதழே நமது மாதிரி என்று கொள்வோம். இரண்டு பொதிகள் வருகின்றன. முதலாவது: எல் 30, ஏ 20, பி 9. இரண்டாவது: எல் 25, ஏ 20, பி 4. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்குமே டெல்டா ஈ 5.4! ஆனால் இரண்டும் ஒரே வகைச் சரக்கல்ல. முதலாவதில் சிவப்பு குறைந்து மஞ்சள் கூடியிருக்கிறது. அதாவது பழுப்பு ஏறுகிறது. ஈரம் தங்கியோ சூடு மிஞ்சியோ போன சரக்கு. இரண்டாவது கருமையாகியிருக்கிறதே தவிர பழுப்புப் பக்கம் போகவில்லை. அது கடும் நிறப் பூக்கள் அதிகம் கலந்ததாகக்கூட இருக்கலாம். முதலாவதை நான் வாங்க மாட்டேன், இரண்டாவதை விலை பேசி வாங்குவேன். டெல்டா ஈ ஒன்றை மட்டும் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை ஏற்காதீர்கள், மூன்று எண்களையும் கேளுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான். பி பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் பூ முதிர்ந்து நீலம் பாய்ந்தபின் பறித்தது. எல் கூடி, ஏயும் குறைந்திருந்தால் வெளிச்சத்தில் வெளிறியது.

கருவியை வைக்கும் முறை

நிறமானி என்ற கைக்கருவி சிறிய டோர்ச் அளவில் இருக்கும். வாய் வைக்கும் துளை பல கருவிகளில் எட்டு மில்லிமீற்றர். ஒவ்வொரு முறையும் அதனுடன் வரும் வெள்ளை ஓட்டில் வைத்துச் சரிபார்த்த பின்னரே அளக்க வேண்டும். ஒளி டீ65, அதாவது பகல் வெளிச்சம், என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

புதிய இதழ் மெல்லியது, ஒளி ஊடுருவும். ஒற்றை இதழை வெள்ளைத் தட்டில் வைத்தால் ஓர் எண், கறுப்பு மேசையில் வைத்தால் வேறு எண். மூன்று நான்கு இதழ்களை அடுக்கி வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. பூவின் வெளிச்சுற்று இதழ்களை விட்டு நடுச்சுற்றில் எடுங்கள். இதழின் முதுகுப்புறம் வெளிறியது, அடிப்பகுதி வெண்மையானது. எனவே உட்புறத்தின் நடுப்பகுதியில் மட்டும் அளக்க வேண்டும்.

காய்ந்த இதழ் சுருளும். அதை அப்படியே அளந்தால் பத்துத் தடவைக்குப் பத்து எண் வரும். அரைத்து, ஒரே கண்ணளவுள்ள அரிதட்டில் சலித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தடிப்பாக நிரப்பி, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி ஐந்து முறை அளந்து சராசரி எடுப்பதே நான் கண்டவரை திருப்தியானது. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. தூள் எப்போதும் முழு இதழை விட வெளிறித் தெரியும். நுணுக்கமாக அரைக்க அரைக்க இன்னும் வெளிறும். தூளைத் தூளோடும் இதழை இதழோடும்தான் ஒப்பிடலாம்.

வெலிமடைப் பக்கத்தில் வீட்டுத் தோட்டங்களில் மருந்தடிக்காமல் ரோஜா வளர்த்து உலர்த்தும் சில பெண்கள் கொழும்பிலுள்ள தேயிலைக் கலவை வியாபாரி ஒருவருக்குப் பன்னிரண்டு கிலோ அனுப்பியிருந்தார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அது எழுபது கிலோவுக்கு மேற்பட்ட பூவிதழ். சரக்கு கறுத்துவிட்டது, பழைய சரக்கு என்று வியாபாரி திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்களில் மூத்தவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டது இதுதான்: "நாநா, சாம்பிளைப் பார்த்துத்தானே ஓடர் தந்த? அதே செடி, அதே தட்டு. இப்ப கலர் சரியில்லண்டு சொன்னா நாங்க என்னத்தச் செய்ற?"

"தாத்தா, அந்தச் சாம்பிள்ல கொஞ்சம் உங்களிட்ட மிச்சம் இரிக்கா?" என்று கேட்டேன். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தார். அந்த டின்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஆடைத் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நண்பர் மூலம் மூன்றையும் அளந்தோம்: வியாபாரியின் கடைத் தட்டில் ஐந்து மாதமாகக் கண்ணாடிப் போத்தலில் இருந்த மாதிரி, டின்னில் இருந்த மாதிரி, வந்திறங்கிய நான்கு பொதிகள். மூன்று பொதிகள் டின் மாதிரியிலிருந்து இரண்டளவுதான் விலகியிருந்தன. கடைப் போத்தலிலிருந்தோ ஒன்பதைத் தாண்டின. ஒரே பையிலிருந்து பிரித்த இரண்டு மாதிரிகள் ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரம் போயிருந்தன! சரக்கு கறுக்கவில்லை, யன்னலோரம் இருந்த மாதிரிதான் வெளிறியிருந்தது. நான்காவது பொதியில் மஞ்சள் எண் உண்மையிலேயே ஏறியிருந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஈரம்; அவசரத்தில் கட்டிய பொதி. வியாபாரி மூன்றைப் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டார், நான்காவதைப் பெண்கள் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்தார்கள். எண்ணைக் காட்டிய பிறகு குரல் உயர்த்தவேண்டிய தேவை எவருக்கும் வரவில்லை.

ஆகவே ஓடர் எடுக்கும்போது மாதிரியை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது இருவரும் ஒப்பமிட்டு ஒட்டிய உறையில் பொதுவானவர் ஒருவரிடம். மூன்றும் அலுமினியத் தாள் பூசிய, காற்றுப் புகாத பைகளில், இருட்டில். ஓடர் கடிதத்தில் மூன்று எண்களையும், எந்தக் கருவி, தூளா இதழா என்பதையும், எவ்வளவு விலகலை ஏற்பது என்பதையும் எழுதுங்கள். ஆடைத் தொழிலில் ஒன்று என்ற அளவுக்கு இறுக்கிப் பிடிப்பார்கள். அங்கே பாவிக்கும் சூத்திரமும் சற்று வேறு. செடியில் பூத்ததை அப்படி இறுக்க முடியாது. நான்கு, ஐந்து என்று பேசிக்கொள்வது நியாயமானது. ஏயும் பியும் எந்தப் பக்கம் விலகலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? புதிதாக வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளின் ஆய்வுகூடங்களில் இது அன்றாட வேலை. நிறம் கலந்து தரும் பெயின்ட் கடைகள் பலவற்றிலும் நிறம் படிக்கும் கருவி உண்டு. அறிமுகமானவர் இருந்தால் பத்து நிமிட வேலை. வீட்டிலே என்றால் மேசை ஸ்கேனர் கைத்தொலைபேசிக் கமராவை விட நம்பகமானது, ஏனெனில் அதன் வெளிச்சம் மாறுவதில்லை. கமரா தானாகவே நிறத்தைத் திருத்தி நம்மைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். கமராதான் இருக்கிறது என்றால் மாதிரியையும் சரக்கையும் ஒரே வெள்ளைத் தாளில், ஒரே படத்தில், நிழலான பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டு படங்களை ஒப்பிடாதீர்கள். பூக்களுக்கென்றே பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் 1966 முதல் வெளியிடும் நிற அட்டைத் தொகுதியும் இருக்கிறது. பூ ஏற்றுமதியாளர்களிடம் காணலாம், விலைதான் கூடுதல்.

கடைசியாக ஒன்று. அளவில் மிகமிக அழகான எண் வந்தாலும் சந்தேகப்பட வேண்டிய நேரம் உண்டு. காய்ந்த இதழ் புதிய ரோஜாவை விடச் சிவப்பாக இருந்தால் சாயம் ஏற்றியிருக்கலாம். பச்சைத் தண்ணீரில் நான்கு இதழைப் போடுங்கள். உடனே தண்ணீர் சிவந்தால் நல்ல அறிகுறியல்ல. இன்னும் கொஞ்சத்தைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்து இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய்ச் சாறு சில துளி, மற்றதில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். உண்மையான சிவப்பு ரோஜாச் சாறு தேசிக்காயில் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், சோடாவில் பச்சை நீலப் பக்கம் திரும்பும். பல செயற்கைச் சாயங்கள் இரண்டிலும் அசையாது நிற்கும். இது சந்தேகத்துக்கு மட்டும் போதுமான சோதனை. யார் மீதும் குற்றம் சுமத்தப் போதாது. பூக்கடைக்கென வளர்க்கும் ரோஜாவில் தங்கியிருக்கும் பூச்சிமருந்தை எந்த நிறமானியும் காட்டாது என்பதையும் தேநீருக்கு இதழ் வாங்குவோர் கவனத்திற்கொள்ள வேண்டும். இவை இரண்டுக்கும் உணவுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடத்தின் எழுத்துமூல அறிக்கையே வேண்டும். அனுப்புமுன் எத்தனை கிராம் தேவை என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பொதியை உடைக்காமல் அப்படியே ஒப்படையுங்கள்.